கொல்லைப்புறக் காடு – 9: பாட்டுக்காரர்கள் தட்டுக்கு வருவதில்லை

பறவைகளுக்குத் தீனி போடும் கூண்டு இப்போது ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், அடியில் ஒரு தட்டு, மேலே மாட்டுவதற்கு ஒரு கொக்கி. திண்டுக்கல்லில் இதை வாங்கி மாட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். முதலில் அணில் வரும். அதைப் பார்த்து மாடப்புறா வரும். ஒரு வாரத்துக்குள் புறாக்கூட்டம் தட்டைக் கவிழ்த்து, சிந்திய கம்பைத் தரையில் மேய்ந்துகொண்டிருக்கும். அட்டைப்பெட்டியில் படமாக இருந்த பாடும் பறவை மட்டும் வரவே வராது.

நம் ஊரில் பாடும் பறவைக்குப் பஞ்சமில்லை. மாசி, பங்குனி விடியலில் மொட்டைமாடிக் கம்பியில் நின்று விதவிதமாகச் சீழ்க்கையடிப்பது குண்டுக்கரிச்சான். வேலியோரம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கருஞ்சிட்டு. முருங்கைப் பூவில் தொங்குவது தேன்சிட்டு. உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத குரலில் ஓயாமல் கத்துவது தையல்சிட்டு. கொண்டைக்குருவி என்று நாம் கூப்பிடும் சின்னான், வேம்பின் அடர்ந்த கிளைக்குள் ஒளிந்திருக்கும் மாம்பழச்சிட்டு என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்றுகூட தானியத்தை நம்பிப் பிழைப்பதில்லை. பூச்சி, புழு, சிலந்தி, பழம், தேன் இவைதான் இவற்றின் சாப்பாடு. கம்பை நிரப்பி வைத்துக்கொண்டு குண்டுக்கரிச்சானுக்குக் காத்திருந்தால் புறாதான் வரும்.

தீனிக்கூண்டு குளிர்நாடுகளின் ஏற்பாடு. அங்கே பனி மூடிய மாதங்களில் புழு பூச்சி கிடைக்காது. விதை தின்னும் சிறு பறவைகள் ஏராளம். ஒரு பிடி சூரியகாந்தி விதை அவற்றுக்கு உயிர்ப்பிச்சை. நமக்குப் பஞ்சகாலம் வேறு. கொடைக்கானல் மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்ள, அதன் நிழலில் கிடக்கும் சமவெளி இது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வாழ்கிறோம். தை பிறந்த பிறகு கண்மாய்கள் ஒவ்வொன்றாக வற்ற, கத்திரி வெயிலில் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கரடுகள் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்த நாளில் பறவை தேடி அலைவது தானியத்தை அல்ல, தண்ணீரை.

முதல் அழைப்பு: தண்ணீர்

ஆகவே திண்டுக்கல்காரர் வைக்க வேண்டிய முதல் பாத்திரம் தண்ணீர்ச் சட்டி. அகலமான, ஆழமில்லாத மண்சட்டியாக இருக்கட்டும். நடுவில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். தேன்சிட்டும் தையல்சிட்டும் பத்து கிராம் எடையைச் சுற்றி நிற்கும் உயிர்கள்; ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கத் துணியா. உள்ளே நாலைந்து கூழாங்கல்லைப் போட்டால் காலூன்ற இடம் கிடைக்கும். எவர்சில்வர், பிளாஸ்டிக் பாத்திரங்கள் வெயிலில் கொதித்துப்போகும், காலும் வழுக்கும். மண்சட்டியில் இரண்டு தொல்லையும் கிடையாது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்கள் நம் நகரைச் சுற்றி உண்டு. போர்த் தண்ணீரை ஊற்றி வைத்த சட்டியில் இரண்டே நாளில் வெள்ளையாக உப்புப் படிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கடற்பறவைகளுக்கு உடம்பிலிருந்து உப்பைப் பிரித்து வெளியேற்றத் தலையிலேயே சுரப்பி இருக்கிறது. பாடும் பறவைகளுக்கு அந்த வசதி இல்லை. நாம் குடிக்கும் தண்ணீரில் ஒரு செம்பு போதும். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் ஊரில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு செம்புதான்.

சட்டியைத் தினமும் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினமும் மாற்றுகிற தண்ணீரில் அது வளராது. சோப்பு வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் மெனக்கெடத் தயாரென்றால், சட்டிக்கு மேலே ஒரு கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் ஊசித் துளை போட்டு, அதில் ஒரு நூல் திரியைச் செருகிவிடுங்கள். சிவலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் சொட்டுவது போலச் சொட்டுச் சொட்டாக விழும். தேங்கிய தண்ணீரைக் கண்டுபிடிக்கப் பறவைக்குக் கண் வேண்டும். சொட்டும் தண்ணீரைக் காது கண்டுபிடித்துவிடும். அடர்ந்த புதருக்குள்ளேயே வாழ்கிற தையல்சிட்டும் கதிர்க்குருவியும் வெளியே வந்து தலைகாட்டுவது பெரும்பாலும் இந்தச் சத்தத்துக்குத்தான்.

தேன்சிட்டின் குளியல் தனி ரகம். அது சட்டிக்குள் இறங்குவது அபூர்வம். செடிக்குத் தண்ணீர் விடும்போது வாழை இலையையும் செம்பருத்தி இலையையும் சேர்த்து நனைத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். இலை நரம்பில் தேங்கிய நீர்மேல் வயிற்றை வைத்துச் சறுக்கும். இறக்கையால் இலையை அடித்து அந்தச் சாரலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். இலை நுனிக்கு வந்ததும் பறந்து மேலே போய் மறுபடி சறுக்கும். உடம்பெல்லாம் நனைந்த பிறகு பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்து ஒவ்வொரு இறகாக அலகால் நீவும். காசு செலவில்லாத வேடிக்கை இது.

சட்டியைப் புதரை ஒட்டியே வைக்காதீர்கள், பூனை பதுங்கிவிடும். நட்டநடு வெட்டவெளியிலும் வைக்காதீர்கள், வல்லூறு வந்தால் குருவி ஓடி ஒளிய இடமிருக்காது. புதரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, பாதி நிழலில் இருந்தால் சரி. தண்ணீர்த் தொட்டியும் டிரம்மும் திறந்து கிடந்தால் உள்ளே ஒரு நீண்ட குச்சியைச் சாய்த்து வையுங்கள். தவறி விழுந்த குருவியும் அணிலும் ஏறி வர அது போதும்.

இரண்டாவது அழைப்பு: கொடியும் முள்ளும்

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஹம்மிங்பேர்டுக்கு வைப்பதைப் பார்த்து வந்த பழக்கம். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. தேன்சிட்டு அதற்குச் சொந்தமில்லை, செய்யும் தொழில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரமே புளித்துப்போகும். எறும்பு மொய்க்கும். அதற்குப் பதில் ஒரு முருங்கையை வளரவிட்டால் அது ஆண்டில் பல மாதம் பூக்கும். ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்கு லாரி லாரியாக முருங்கை வரும் மாவட்டத்தில் நாற்றுக்கா பஞ்சம்? செம்பருத்தி, ஆடாதொடை, கல்யாண முருங்கை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கூட இருந்தால் தேன்சிட்டு உங்கள் வீட்டை விட்டுப் போகாது.

பழத்துக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. கறிவேப்பிலை மரத்தைத் தாளிப்புக்காக ஒடித்துக்கொண்டே இருக்கிறோம், அதனால் அது பூப்பதில்லை. ஒரே ஒரு கொப்பை மட்டும் ஒடிக்காமல் விட்டுப் பாருங்கள். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ வரும். பிறகு பச்சைக் காய் சிவந்து, பளபளவென்று கறுக்கும். கறுத்த பழத்துக்குச் சின்னானும் குயிலும் போட்டி போடும். வேப்பம்பழமும் அப்படித்தான். ஆனி, ஆடியில் மரம் முழுக்கச் சத்தமாக இருக்கும். மதிலோரம் தானாக முளைக்கும் வேப்பங்கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் இந்த விருந்தாளிகள் விட்டுப்போன மொய்.

வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தால் அறுத்தெறியாதீர்கள். அதன் சிவந்த பழம் சின்னானுக்கும் குயிலுக்கும் கிளிக்கும் பிடித்தமானது. மணத்தக்காளி, சுண்டைக்காய், இலந்தை எல்லாம் சமையலறைக்கும் உதவும், குருவிக்கும் உதவும். இடமிருந்தால் மதிலோரம் மருதாணியும் சூரைமுள்ளும் வையுங்கள். முள்வேலிக்குள் காகமும் பூனையும் எளிதில் நுழைய முடியாது என்பதால் சிறு குருவிகள் அதை நம்பிக் கூடு கட்டும். அய்யலூர், கடவூர் பக்கம் போனால் இந்த முட்காட்டின் முழு வடிவத்தைப் பார்க்கலாம். அங்கே பூச்சி தின்று வாழும் தேவாங்குக்காகத்தான் 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம் வேலி அந்தக் காட்டின் இரண்டு சென்ட் துண்டாக இருந்தாலே போதும்.

மாமரத்திலோ வேம்பிலோ புல்லுருவி ஒட்டியிருந்தால் மரத்துக்குக் கேடுதான். தோப்பில் வெட்டித்தான் ஆக வேண்டும். வீட்டு மரத்தில் ஒரு கொத்து இருந்தால் வெட்டுமுன் சில நாள் கவனியுங்கள். நம் ஊரிலேயே மிகச் சிறிய பறவைகளில் ஒன்றான பூக்கொத்தி அதைத் தேடி வரும். பழத்தின் விதை பசையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும்போது, பூக்கொத்தி உட்கார்ந்த கிளையில் பின்பக்கத்தைத் தேய்த்து அதை ஒட்டிவிடும். ஒட்டிய இடத்தில் அடுத்த புல்லுருவி முளைக்கும். தன் சாப்பாட்டைத் தானே பயிரிடுகிற பறவையை அடுக்களை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

பூச்சி இல்லையென்றால் மேற்சொன்ன எதுவும் பலிக்காது. பழம் தின்னும் சின்னானும், தேன் குடிக்கும் தேன்சிட்டும், ஏன், தானியம் தின்னும் சிட்டுக்குருவியும்கூட குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தவுடன் மருந்தடித்தால் குருவியின் அங்காடியை நாமே பூட்டியதாக ஆகும். சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ, அதுவும் பூச்சி பிடித்த கொப்பில் மட்டும் தெளித்தால் போதும். சென்ற வாரம் எருக்கிலையில் வளரும் பட்டாம்பூச்சிப் புழுவைப் பார்த்தோம். அதே எருக்கின் காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைத் தையல்சிட்டு கூட்டுக்கு மெத்தையாக எடுத்துப்போகும். அகலமான இலையின் இரு விளிம்பிலும் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் அதில் கோத்து இழுத்துத் தைக்கிற பறவை அது. நூற்பாலைகள் நிறைந்த நம் பக்கத்தில் மில் பஞ்சுக்கும் அதற்குத் தட்டுப்பாடில்லை. நைலான் நூலையும் மாஞ்சா நூலையும் மட்டும் கொல்லையில் விட்டுவைக்காதீர்கள், காலில் சுற்றிக்கொள்ளும்.

கூட்டாத மூலை

நம் ஊர் வீடுகளில் மிகக் கடினமான யோசனை இதுதான்: கொல்லையில் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். விழுந்த சருகு அங்கேயே கிடந்து மக்கட்டும். சருகுக்கு அடியில் கரையானும் வண்டும் மண்புழுவும் சேரும். கருஞ்சிட்டும் குண்டுக்கரிச்சானும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் அதைக் கிளறத்தான் தரைக்கு இறங்குகின்றன.

பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை.

“என்ன தம்பி, குப்பைய இப்பிடிச் சேத்து வச்சிருக்கீங்க? பாம்பு கீம்பு வந்து அடையப் போகுது.”

“பாம்பு எலியத் தேடித்தானக்கா வருது. எலி தானியத்தத் தேடி வருது. இங்க வெறும் சருகுதான் கெடக்கு.”

“அதுக்காக? பிள்ளைக ஓடியாடுற எடம்.”

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. வீட்டுச் சுவரை ஒட்டிச் சருகைக் குவிக்கக்கூடாது. மதிலோரமாக, பிள்ளைகள் நடமாடாத இடத்தில், ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி வைக்க வேண்டும். கையை விடாமல் குச்சியால் கிளற வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அக்கா ஒப்புக்கொண்டார்.

சருகு மூலைக்குப் புரட்டாசி, ஐப்பசியில் ஓர் அரிய விருந்தாளி வரலாம். ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. இரவில் பறந்து வந்து, விடியும்போது களைத்துப்போய் ஊருக்குள்ளேயே இறங்கிவிடும். சில சமயம் வீட்டுக் கூடத்துக்குள்ளும் புகுந்துவிடும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு என்று இருப்பதால் வளர்ப்புப் பறவை தப்பி வந்துவிட்டது என்று நினைத்துக் கூண்டில் போடுகிறவர்கள் உண்டு. போடக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டால் ஓய்வெடுத்துவிட்டுத் தானே போகும். நல்ல சருகு நிழல் கிடைத்தால் சில நாள் தங்கவும் செய்யும்.

முற்றம் முழுக்க சிமெண்ட் கல் பதிக்கும் மோகம் இப்போது நம் தெருக்களிலும் வந்துவிட்டது. மூன்றடிச் சதுரமாவது மண்ணாக விடுங்கள். சிட்டுக்குருவி புழுதியில் குழி பறித்துக் குளிக்கும். இறகில் ஒட்டும் பேனையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்க அதற்குத் தெரிந்த வழி அது.

தானியம் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு

வையுங்கள். தட்டில் மட்டும் வேண்டாம். நெற்கதிரையோ கம்பங்கதிரையோ கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்து உத்தரத்தில் தொங்கவிடுவது நம் வீடுகளில் முன்பே இருந்த வழக்கம். அதில் நல்ல சூட்சுமம் இருக்கிறது. தொங்கும் கதிர் ஆடும். காலால் பற்றித் தலைகீழாகவும் தொங்கத் தெரிந்த சிட்டுக்குருவியும் சில்லையும்தான் அதில் தின்ன முடியும். கனத்த புறாவுக்கும் காக்கைக்கும் பிடிமானம் கிடைக்காது. வேடசந்தூர்ப் பக்கம் சோளமும் கம்பும் அறுக்கும்போது நாலு கதிர் கேட்டு வாங்கி வந்தால் பல மாதத்துக்குக் காணும். மிக்சர், முறுக்கு, ரொட்டி எல்லாம் வேண்டாம். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது. காக்கைக்கு வைக்கும் சோற்றை மொட்டைமாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொல்லையில் வைத்தால், சாப்பிட வந்த காக்கை கிளைக்குக் கிளை தாவிச் சின்னான் கூட்டைத் தேடும்.

தட்டு வேண்டாம் என்பதற்குப் புறாத் தொல்லை மட்டும் காரணமில்லை. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தீனிக்கூண்டு உண்டு. 2005 வாக்கில், புறாக்களிடம் நெடுங்காலமாக இருந்துவந்த ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி அங்கே கிரீன்ஃபிஞ்ச் என்னும் பாடும் குருவிக்குத் தொற்றியது. நோயுற்ற பறவையால் விழுங்க முடியாது. எச்சில் பட்ட விதையைத் தட்டிலேயே உமிழும். அதை அடுத்தது தின்னும். நாலைந்து ஆண்டுகளில் அந்த நாட்டு கிரீன்ஃபிஞ்சுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைந்துபோயின. பல வகைப் பறவைகளை ஒரே தட்டில் கூட்டி உட்காரவைப்பதில் உள்ள ஆபத்து இது. தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிட்டுக்குருவி செல்போன் கோபுரத்தால் அழிந்துவிட்டது என்று உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 தோறும் பேசுகிறோம். 867 பறவை இனங்களை ஆராய்ந்து 2020-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வேறு சொன்னது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. கூடு கட்ட ஓட்டு வீட்டில் இருந்த இடுக்கு கான்கிரீட் வீட்டில் இல்லை. அட்டை அல்லது பலகைப் பெட்டி ஒன்றை மேற்கு வெயில் படாத சுவரில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். துளை ஒன்றேகால் அங்குலம் போதும். பெரிதாக விட்டால் மைனா குடியேறிவிடும்.

கண்ணாடிக்குள் ஒரு பகையாளி

கூடு கட்டும் பருவத்தில் தேன்சிட்டும் கருஞ்சிட்டும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உள்ளே தெரிவது தன் இடத்தைப் பிடிக்க வந்த இன்னோர் ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. களைத்து விழும் வரை விடாது. ஒரு பழைய காலுறையைக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டால் சண்டை தீர்ந்தது.

கூட்டைக் கண்டுவிட்டால் எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம். நாம் போகும் வழியைக் காக்கை கவனிக்கிறது. 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டது. குஞ்சுகள் பறந்து போகும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே தெருவிளக்கில்லாமல் இருந்தது. ஒரு கிராமம் இருட்டில் நடக்கச் சம்மதித்தபோது, நாம் ஒரு கொப்பை வெட்டாமல் இரண்டு மாதம் பொறுப்பது பெரிய காரியமில்லை. கொல்லையில் அரிவாள் எடுப்பதானால் முதலில் மரத்தைச் சுற்றி வந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கொல்லையின் தரம் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல நாள் இருக்கிறது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலிலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதியலாம். இந்தப் பொங்கலுக்கு முதல் கணக்கை எடுங்கள். பிறகு தண்ணீர்ச் சட்டி, ஒடிக்காத கறிவேப்பிலைக் கொப்பு, கூட்டாத மூலை மூன்றையும் ஓராண்டு வைத்துப் பாருங்கள். அடுத்த பொங்கலுக்கு வேறு பட்டியல் எழுத நேர்ந்தால் செலவு ஒரு மண்சட்டிதான்.

(அடுத்த வாரம்: மதில் இடுக்கில் குடியிருக்கும் ஓணானும் அரணையும்)